குன்னூர் எலிகளும் குறைமாதக் குழந்தைகளும்



வளர்ச்சி என்பது நாம் நாள்தோறும் காணும் காட்சி. ஆயினும் அதன் காரணத்தை வினவுவோர் சிலரே. நீரும் எருவும் இட்டால் பயிர் வளர்கிறது, பாலும் சோறும் ஊட்டினால் குழந்தை வளர்கிறது என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். உணவு வளர்ச்சிக்கு வேண்டும் பொருளைத் தருகிறது என்பது உண்மையே. ஆனால், ‘இப்போது வளர், இங்கே வளர், இவ்வளவோடு நில்’ என்று உடலின் உறுப்புகளுக்குக் கட்டளை இடுவது யாது? இந்த வினாவின் வரலாற்றில் ஒரு பகுதி நம் நீலகிரி மலையில், குன்னூரில், எலிக்கூண்டுகளின் நடுவே எழுதப்பட்டது. அதன் பிற்பகுதி இன்று குறைமாதக் குழந்தைகளின் தொட்டில் அருகே எழுதப்பட்டு வருகிறது. அவ்விரு பகுதிகளையும் இணைத்துக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் அருகே பாஸ்டர் நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1907ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையம் வெறிநாய்க்கடி மருந்துக்காகப் பெயர் பெற்றது. அங்கே ஒரே அறையில், 1918இல், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறையே பின்னர் உணவியல் ஆராய்ச்சி நிலையமாக விரிந்தது. 1958இல் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. தேசிய உணவூட்ட நிறுவனம் என்று இன்று நாம் போற்றும் அமைப்பின் பிறப்பிடம் குன்னூரே.

மக்காரிசன் செய்த சோதனைகளுள் ஒன்று எளிமையானது, ஆனால் ஆழமானது. இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியரின் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னைப் பகுதி உணவை உண்டவை சிறுத்து நின்றன. வயிறு நிறைந்தால் மட்டும் உடல் வளர்ந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதோ ஒன்று மிகச் சிறு அளவிலேனும் வேண்டும் என்பதை அவ்வெலிகள் அறிவித்தன. அவ்வாறு பெயர் தெரியாத ஒன்றை அறிஞர்கள் ‘காரணி’ என்று குறித்தனர். பொருளைக் காணாமலே, அதன் செயலைக் கண்டு வைத்த பெயர் அது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றது என்று நம் முன்னோர் தருக்க நூலில் கூறுவார்கள் அல்லவா, அதே முறைதான் இது.

இந்தக் குன்னூருக்கு 1929இல் ஓர் அம்மையார் வந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். இங்கிலாந்தில் 1888இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நிலவியலும் பயின்று, பின்னர் லண்டனில் மருத்துவம் கற்றவர். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் வெளுத்து, வீங்கி, இறந்துகொண்டிருந்தனர். அதன் காரணத்தை ஆராய 1928இல் அவர் பம்பாய் வந்தார். மறு ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தம் ஆராய்ச்சியைக் குன்னூரில் நடத்தினார்.

பம்பாய் ஏழைப் பெண்கள் உண்ட உணவையே அவர் எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை கண்டது. சினையுற்ற எலிகள் ஈனுமுன்னரே மாண்டன. உணவுடன் ஈஸ்டைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை பிழைத்தன. ஆயினும் எலிகளின் உடலில் பேன்கள் பரப்பிய ஒரு தொற்றும் கலந்திருந்ததால், எலிச்சோதனையின் முடிவை முழுதும் நம்புவதற்கில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அம்மையார் மனம் தளரவில்லை. குரங்குகளைக் கொண்டு சோதனையை மீண்டும் நடத்தினார். மதுவடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் ‘மார்மைட்’ என்னும் மலிவான சாறு குரங்குகளைக் குணப்படுத்தியது, தாய்மார்களையும் குணப்படுத்தியது. 1931இல் இச்செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஓர் ஆசிரியனுடைய கண் கொண்டு பார்க்கும்போது, இதற்குப் பின் அவர் செய்ததே எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. வேறொரு வகைக் கொடிய சோகைக்கு ஈரல் சாறு மருந்தாகும் என்று அப்போது உலகம் அறிந்திருந்தது. தூய்மைப்படுத்திய ஈரல் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்தியது; ஆனால் வில்ஸ் அம்மையார் ஆராய்ந்த சோகையைக் குணப்படுத்தவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறும் ஈஸ்டும் குணப்படுத்தின. எனவே இவற்றுள் இருப்பது வேறு ஒரு காரணி என்று அவர் முடிவு கண்டார். ‘வில்ஸ் காரணி’ என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் பசலைக் கீரையின் இலையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ‘ஃபோலிக் அமிலம்’ என்றனர். 1945இல் அதைச் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அதற்கு எதிரான பொருள்களையும் சுப்பாராவின் குழு ஆக்கித் தந்தது. அவற்றைக் கொண்டே 1948இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலம் அடக்கிக் காட்டினார். வளர்ச்சியைத் தூண்டும் பொருளை அறிந்தவனுக்கு, வேண்டாத வளர்ச்சியைத் தடுக்கும் வழியும் புலப்படுகிறது. இந்தக் கருத்தை நினைவில் வையுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் தெளிவாக உணர வேண்டும். வில்ஸ் காரணி உணவிலிருந்து வரும் உயிர்ச்சத்து. இக்காலத்து உயிரியலார் ‘வளர்ச்சிக் காரணி’ என்று கூறுவது உடலே ஆக்கிக்கொள்ளும் புரதம். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் செய்தி அது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் கண்டறிந்த முறை ஒன்றே. இல்லாதபோது நேரும் கேட்டைக் கொண்டு, இருப்பதன் பயனை அறியும் முறை.

இத்தகைய புரதங்களுள் முதலில் அறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. இத்தாலியில் இரண்டாம் உலகப் போரின்போது, பணியிழந்து, தம் படுக்கை அறையிலேயே கோழிக்கருக்களை ஆராய்ந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி என்னும் பெண்மணி, 1950களில் அமெரிக்காவில் அதனைக் கண்டறிந்தார். அவரும் அவருடன் உழைத்த ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். நரம்புக்கு ஒரு தூது உண்டானால் குருதி நாளத்துக்கும் ஒன்று இருக்க வேண்டுமன்றோ? 1971இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டிகள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதிய நாளங்களைத் தம்பால் வரவழைத்துக்கொள்கின்றன என்றார். 1983இல் செங்கர், டுவோராக் முதலியோர் நாளங்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டனர். 1989இல் நெப்போலியோனே ஃபெராராவும் அவர் குழுவினரும் நாளங்களின் உட்படலத்தை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்தது. மருத்துவர்கள் அதனை வி.இ.ஜி.எஃப். என்பார்கள், நாம் ‘நாள வளர்ச்சிக் காரணி’ என்போம். அதன் மரபணு ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு படிகளாக உள்ளது. சுண்டெலிக் கருவில் ஒரு படியை மட்டும் நீக்கினாலும் கரு இறந்துவிடுகிறது என்று 1996இல் இரு குழுவினர் காட்டினர். பாதி குறைந்தாலே உயிர் நில்லாது என்றால், அதன் அளவு எத்துணை நுட்பமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனிக் குறைமாதக் குழந்தைகளிடம் வருவோம். நிறைமாதம் என்பது ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் நிரம்புமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. உலகில் குறைமாதக் குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் நாடு நம் இந்தியாவே என்பது நாம் மறக்கத்தகாத செய்தி. கருவில் பிந்தி முதிரும் உறுப்புகளுள் ஒன்று நுரையீரல். முழு வளர்ச்சியுற்ற மனிதனின் நுரையீரலில் 30 கோடிக்கு மேற்பட்ட காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி கருவின் இறுதி வாரங்களிலும் பிறந்த பின்னுமே தோன்றுகின்றன. 25 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் சிற்றறைகள் இல்லை. அவை தோன்றவேண்டிய வெறும் பைகளே உள்ளன.

முன்னாளில் இக்குழந்தைகள் மூச்சுத் திணறி ஓரிரு நாளில் இறந்தன. நுரையீரலின் உட்பரப்பில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒரு வழுவழுப்பான பொருள் அவற்றுக்குப் போதாமையே காரணம் என்று மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்நோயால் இரண்டு நாள் முடியுமுன் மறைந்தான். நாட்டின் தலைவர் மகனையும் காக்க வழியில்லை என்பதைக் கண்டு மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. மூச்சுப்பொறி வந்தது. 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹாவி இருவரும், குறைப்பேறு நேரவிருக்கும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு மருந்தை ஊசிவழிச் செலுத்தினால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று மெய்ப்பித்தனர். 1980இல் ஜப்பானியராகிய ஃபுஜிவாரா அந்த வழுவழுப்புப் பொருளையே குழந்தையின் மூச்சுக்குழலில் செலுத்தி வெற்றி கண்டார். குழந்தைகள் பிழைத்தன.

பிழைத்த குழந்தைகளுக்கோ புதியதொரு நோய் காத்திருந்தது. மூச்சுப்பொறியிலும் மிகுந்த பிராண வாயுவிலும் பல வாரம் இருந்த குழந்தைகளின் நுரையீரல் வடுப்பட்டு நிற்பதை 1967இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் நார்த்வேயும் உடன் உழைத்தோரும் கண்டு, அதற்கு ‘பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா’ என்று பெயரிட்டனர். மூச்சுக்குழலும் நுரையீரலும் முறைமாறி வளர்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மருத்துவம் முன்னேற வடு குறைந்தது. ஆனால் நோய் ஒழியவில்லை. இறந்த குழந்தைகளின் நுரையீரலைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டனர். அங்கே காயத்தைவிட, நின்றுபோன வளர்ச்சியே மிகுதியாக இருந்தது. சிற்றறைகள் எண்ணிக்கையில் குறைந்து, பெரியனவாய், எளிய பைகளாய் நின்றுவிட்டன. அவற்றைச் சூழவேண்டிய குருதி நாளங்களும் குறைந்திருந்தன.

எது முன், எது பின்? சிற்றறை தோன்றாததால் நாளம் குறைந்ததா? நாளம் குறைந்ததால் சிற்றறை தோன்றவில்லையா? குருதி நாளங்கள் காற்றறைகளின் பின்னே இழுபட்டுச் செல்பவை என்றே அதுவரை எண்ணியிருந்தனர். இதை மாற்றியவர்கள் ஒரு மலைநகரத்தவர் என்பது நீலகிரி மாணவர்களாகிய உங்களுக்குச் சுவை தரும் செய்தி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,850 மீட்டர் உயரமுள்ள நம் குன்னூரைவிடச் சற்றுத் தாழ்ந்தது. அம்மாநிலத்து உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மார்புப்புறம் நீர் கோத்து வீங்கி மடிவதை 1915இலேயே குளோவர், நியூசம் என்னும் இருவர் எழுதிவைத்தனர். மலைமேல் காற்று மெலிந்தது. பிராண வாயு குறைந்தது. பிராண வாயு குறைந்தால் நுரையீரலின் நாளங்கள் சுருங்குகின்றன என்று 1946இல் சுவீடன் நாட்டு அறிஞர்களான ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டினர். நாளம் சுருங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும்; குருதியைத் தள்ளும் வலப்புற இதயம் களைத்து வீங்கும். மாடுகளின் மரணத்துக்கு இதுவே காரணம். இவ்வாறு நுரையீரல் நாளங்களைப் பற்றி ஆராயும் மரபு அம்மலைநாட்டில் நெடுநாள் வேரூன்றியிருந்தது.

அந்த மரபில் வந்த டென்வர் ஆய்வாளர்கள், எலிக்குட்டிகளுக்கு நாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தனர். நாளங்கள் குறைந்தன, அவற்றோடு காற்றுச் சிற்றறைகளும் குறைந்தன. 2000ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. நாள வளர்ச்சிக் காரணியின் செய்தியை ஒரே ஒருமுறை தடுத்தாலும் குட்டிகளுக்கு நுரையீரல் நாள அழுத்தம் ஏறி, வளர்ந்த பின்னும் அது நீங்காதிருப்பதை 2002இல் காட்டினர். இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலும் அந்தக் காரணி குறைந்திருந்தது 2001இல் தெரிந்தது. அதே ஆண்டில் டென்வர் மருத்துவர் ஸ்டீவன் ஆப்மன் இவற்றைத் தொகுத்து, நாளமே முன்நின்று சிற்றறையை வளர்க்கிறது, நாளம் நின்றால் வளர்ச்சியும் நிற்கும் என்னும் கொள்கையை முன்வைத்தார்.

அந்தச் செய்தி செல்லும் வழியைச் சுருங்கக் கூறுகிறேன். காற்றறையின் உயிரணுக்கள் நாள வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. நாளத்தின் உட்படல உயிரணுக்களின் மேல் அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. செய்தி கிடைத்ததும் அவ்வுயிரணுக்கள் பெருகுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவையும் சுரந்து நாளத்தின் தசையைத் தளர்த்துகின்றன. கருப்பையில் பிராண வாயு குறைவு. அக்குறைவே காரணியை இடையறாது சுரக்கத் தூண்டுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையோ திடீரென்று பிராண வாயு நிறைந்த உலகுக்கு வந்துவிடுகிறது, தூண்டுதல் அடங்கிவிடுகிறது. மூச்சுப்பொறியின் அழுத்தமும் தொற்றும் மேலும் கேடு செய்கின்றன. நாளங்கள் குறைந்து, இருப்பவையும் தடித்துவிட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறி இதயம் தளர்கிறது. இந்நோயுள்ள குழந்தைகளுள் இந்நிலை அடைந்தவர்க்கே ஆபத்து மிகுதி.

அப்படியானால் காரணியை மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 2005இல் கனடாவில் தெபோ முதலியோர் எலிக்குட்டிகளுக்கு அதன் மரபணுவைச் செலுத்தினர். நாளங்கள் முளைத்தன, சிற்றறைகளும் பெருகின. ஆனால் அந்நாளங்கள் முதிராதவையாய்க் கசிந்தன. கசியச் செய்வதும் அதன் இயல்பன்றோ? நாளத்தை உறுதிப்படுத்தும் மற்றொரு காரணியையும் சேர்த்தபோதுதான் கசிவு குறைந்தது.

மற்றொரு சிக்கல் கண்ணில் உள்ளது. 1942இல் பாஸ்டன் மருத்துவர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளைக் குருடாக்கும் விழித்திரை நோயை விவரித்தார். அளவு மீறிய பிராண வாயு அதற்குக் காரணம் என்பது 1950களின் நடுவில் உறுதியாயிற்று. முதலில் பிராண வாயு மிகுந்து விழித்திரையின் நாளங்கள் வளராமல் நிற்கின்றன. பின்னர்ப் பசித்த விழித்திரை அதே காரணியை அளவு மீறிச் சுரந்து, தாறுமாறான நாளங்களை வளர்க்கிறது. புற்றுநோய்க்காக ஆக்கப்பட்ட, காரணியை அடக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்திப் பார்வையைக் காக்கலாம் என்று 2011இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சுப்பாராவின் காலத்தில் கண்ட உண்மை மீண்டும் இங்கே தோன்றுவதைப் பாருங்கள். ஆனால் கண்ணில் இட்ட மருந்து குருதியிலும் கலந்து, உடல் முழுதும் காரணியைக் குறைக்கிறது. ஒரே குழந்தை: கண்ணில் மிகுந்த காரணி, நுரையீரலில் குறைந்த காரணி. கண்ணைக் காக்க இடும் மருந்து நுரையீரலைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் மருத்துவர் அளவையும் நாளையும் தேர்கின்றனர். கொடுப்பதா தடுப்பதா என்பது மட்டுமன்று. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதே மருத்துவம்.

இதனால் இன்றளவும் நாள வளர்ச்சிக் காரணி இந்நுரையீரல் நோய்க்கு மருந்தாக வழங்கப்படுவதில்லை. தாய்க்கு முன்கூட்டிய ஸ்டீராய்டு, மென்மையான மூச்சுதவி, பிராண வாயுவை அளந்து கொடுத்தல், தாய்ப்பால், தொற்றுத் தடுப்பு ஆகியவையே நம் கைப்படைகள். இவை எல்லாவற்றினும் சிறந்தது குறைப்பேறு நேராமல் காப்பது. சோகையுற்ற தாய்க்குக் குறைமாதப் பிறப்பு நேரும் வாய்ப்பு மிகுதி. 1970இல் நடுவணரசு கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று அம்மாத்திரை கிடைக்கிறது. அதில் இருப்பது, 1929இல் இதே மலையில் லூசி வில்ஸ் தேடிய பொருள்தான். வீட்டில் கருவுற்ற தாய்மார் இருப்பின், மாத்திரை பெட்டியில் கிடக்கிறதா, வயிற்றுக்குச் செல்கிறதா என்று அன்போடு கேளுங்கள். ஆராய்ச்சியின் பயன் ஒருவர் வாழ்வில் சென்று சேர்வதற்கு அந்தக் கடைசி அடி மிகவும் வேண்டியது.

மாணவர்களே! ஓர் எலி ஏன் மெலிந்தது என்று பொறுமையோடு கேட்டவர்கள் தாய்மார்களைக் காத்தார்கள். ஒரு குட்டியின் நுரையீரலில் நாளம் ஏன் குறைந்தது என்று கேட்டவர்கள் குழந்தைகளைக் காக்கும் வழியைத் தேடுகிறார்கள். இருவரும் முதலில் கையில் எடுத்தவை எலி, தராசு, குறிப்பேடு என்னும் எளிய கருவிகளே. வில்ஸ் அம்மையார் தம் எலிச்சோதனையில் ஐயம் தோன்றியவுடன் அதை மறைக்கவில்லை. வேறு வழியில் மீண்டும் சோதித்தார். அந்த நேர்மை இல்லாவிடில் வில்ஸ் காரணி இல்லை. நுரையீரல் நாளத்தின் தூதுமொழியில் நாம் கற்றது சிறிது. கற்க வேண்டியது பெரிது. அதைக் கற்று முடிக்கும் வேலை உங்கள் தலைமுறையைச் சேர்ந்தது.